பழைய மதர்போர்டில் புதிய செயலி: தடை எங்கே இருக்கிறது?

2017 ஜனவரியில் ஒருவர் இன்டெலின் கோர் ஐ7-7700கே செயலியையும் இசட்270 மதர்போர்டையும் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டு மார்ச்சில் இன்னொருவர் ஏஎம்டியின் முதல் ரைசன் செயலியையும் எக்ஸ்370 மதர்போர்டையும் வாங்கினார். அன்றைக்கு விளையாட்டுகளில் முதலாமவரின் கணினியே வேகமானது. ஆனால் அக்டோபரில் ஆறு கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் கணக்கீட்டு மையங்கள்) கொண்ட ஐ7-8700கே வெளிவந்தபோது, ஓர் ஆண்டுகூட நிறைவடையாத அவருடைய மதர்போர்டு அதை ஏற்கவில்லை. செயலியின் அடிப்பக்கத்தில் அதே 1151 தொடுபுள்ளிகள், அதே நீள அகலம். சாக்கெட்டில் சரியாக உட்காரும். கணினி மட்டும் இயங்காது. இரண்டாமவர் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை, மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு, ஐந்து ஆண்டுப் பழைய அதே மதர்போர்டில் பொருத்த முடிந்தது.

செயலியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டால், சாக்கெட் பொருந்துகிறதா என்று பாருங்கள் என்பதே வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான். சாக்கெட்டுக்குப் பிறகு பயாஸ் சிப்பின் கொள்ளளவு, செயலிக்கு மின்சாரம் தரும் சுற்றின் வலிமை, தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதி என்று இன்னும் மூன்று கதவுகள் இருக்கின்றன. கடைசிக் கதவுதான் பெரும்பாலும் மற்றவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. கடந்த பத்து ஆண்டுகளின் கதையைப் பார்த்தால் அது விளங்கும்.

இன்டெல் சொன்ன காரணம் மின்சாரம். ஆறு கோர்களுக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். ஆகவே முன்பு பயன்படாமல் ஒதுக்கி வைத்திருந்த சில தொடுபுள்ளிகளை மின்வழங்கலுக்கு ஒதுக்கினோம் என்றது. உண்மைதான். முந்தைய தலைமுறையில் மைய மின்வழங்கலுக்கு 128 தொடுபுள்ளிகள் இருந்தன. புதியதில் 146 ஆயின. ஆனால் இந்த மாற்றம் பழைய மதர்போர்டைத் தகுதியற்றதாக்கும் அளவுக்குப் பெரியதா? இல்லை என்பதை ஆர்வலர்களே செய்து காட்டினார்கள். பயாஸையும் அதனுள் இருக்கும் இன்டெலின் மேலாண்மை நிரலையும் திருத்தி, தேவைப்பட்ட இடத்தில் சில தொடுபுள்ளிகளை மறைத்து, சிலவற்றை இணைத்து, 2015-ஆம் ஆண்டின் இசட்170 மதர்போர்டுகளில் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் செயலிகளை ஓட விட்டார்கள். தரமான மின்சுற்று கொண்ட மதர்போர்டுகள் அந்தச் சுமையைத் தாங்கின. வீட்டில் எல்லோரும் செய்யத்தக்க வேலை அல்ல அது. ஆனாலும் தடை செம்பிலும் சிலிக்கனிலும் மட்டும் இல்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 1331 துளைகள். 2016-இல் அது முதலில் வந்தபோது அதில் அமர்ந்தவை பழைய கட்டமைப்பைச் சேர்ந்த ஏ வரிசைச் செயலிகள். 2017 மார்ச்சில் ஜென், 2018 ஏப்ரலில் ஜென் பிளஸ், 2019 ஜூலையில் ஜென் 2, 2020 நவம்பரில் ஜென் 3 என்று நான்கு ரைசன் தலைமுறைகள் அடுத்தடுத்து அதே துளைகளில் வந்து உட்கார்ந்தன. 14 நானோமீட்டர் உற்பத்தி முறையில் தொடங்கிய பயணம் 7 நானோமீட்டருக்கு வந்தது. அதிகபட்சம் எட்டு கோர்கள் என்றிருந்தது பதினாறானது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ரைசன் செயலிக்குள்ளேயே ரேம் கட்டுப்படுத்தி, கார்டுகளோடு தரவைப் பரிமாறும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழித்தடங்கள், ஓரளவு யுஎஸ்பி, சாட்டா இணைப்புகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மொத்தம் 24 வழித்தடங்கள்: 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, 4 எஸ்எஸ்டிக்கு, மீதி 4 சிப்செட்டுக்கு. சிப்செட் என்பது செயலியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு கூடுதல் இணைப்புகளைத் தரும் துணைச் சிப் மட்டுமே. முக்கியமானவை செயலியோடு வருகின்றன. ஆகவே செயலி மாறும்போது அவையும் மாறிவிடுகின்றன. மதர்போர்டின் பணி மின்சாரம் தருவதும் கம்பித்தடங்களைக் கொண்டுசெல்வதும், தொடக்கத்தில் செயலியை எழுப்பும் பயாஸைச் சேமித்து வைப்பதும்தான்.

16 மெகாபைட்டுக்குள் எத்தனை தலைமுறை?

அந்தப் பயாஸில்தான் சிக்கல் வந்தது. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல் மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைச் செயலிக்கும் ரேமைப் பழக்குவது எப்படி, எவ்வளவு மின்னழுத்தம் தருவது என்ற விவரங்களை ஏஎம்டி ஒரு தொகுப்பாக மதர்போர்டு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அதன் பெயர் அஜீசா. நிறுவனங்கள் அதன்மேல் தங்கள் பட்டியல் திரைகளையும் வசதிகளையும் சேர்த்து பயாஸாக வெளியிடுகின்றன. 2017, 2018-ஆம் ஆண்டுகளின் மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்தச் சிப் 16 மெகாபைட். இரண்டு தலைமுறைக்கு அது தாராளம். நான்கு தலைமுறைக்கும் அவற்றின் கிராபிக்ஸ் வகைகளுக்கும் போதவில்லை.

2019-இல் ஜென் 2 வந்தபோதே நெருக்கடி தெரிந்தது. எம்எஸ்ஐ தன் பழைய மதர்போர்டுகளுக்கான புதிய பயாஸில் வண்ணப் பட்டியல் திரைகளைக் களைந்துவிட்டு எளிய திரையைப் போட்டது. பிறகு அதே மதர்போர்டுகளை 32 மெகாபைட் சிப்போடு, பெயரின் கடைசியில் மேக்ஸ் என்று சேர்த்துத் தனியாக விற்றது. வேறு நிறுவனங்கள் பழைய ஏ வரிசைச் செயலிகளுக்கான ஆதரவைப் பயாஸிலிருந்து நீக்கின.

2020 மே மாதம் பிரச்சினை வெடித்தது. புதிய பி550 சிப்செட்டை அறிமுகப்படுத்திய ஏஎம்டி, அடுத்து வரும் ஜென் 3 செயலிகள் 500 வரிசை மதர்போர்டுகளில் மட்டுமே இயங்கும் என்று சொன்னது. காரணமாகக் காட்டியது 16 மெகாபைட் எல்லையை. ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்போம் என்ற வாக்கை நம்பி பி450 மதர்போர்டு வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களில் பலர் அந்தப் பலகையை வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மலிவான பி550 அப்போது கடைக்கு வந்திருக்கவே இல்லை. வன்பொருள் விமர்சகர்களும் கடுமையாகக் கண்டித்தார்கள். இரண்டே வாரத்தில், மே 19 அன்று, ஏஎம்டி முடிவை மாற்றிக்கொண்டது. பி450, எக்ஸ்470 மதர்போர்டுகளுக்கு ஜென் 3 ஆதரவு உண்டு. ஆனால் புதிய பயாஸை ஏற்றினால் சில பழைய செயலிகளுக்கான ஆதரவு போய்விடும், திரும்பவும் முடியாது என்று நிபந்தனை வைத்தது.

எக்ஸ்370 போன்ற 300 வரிசை மதர்போர்டுகள் அப்போதும் வெளியேதான் நின்றன. அவற்றில் சிலவற்றுக்கு ஜென் 3 இயங்கும் சோதனை பயாஸ்கள் இடையில் தலைகாட்டின; செயலியும் ஓடியது. ஆயினும் அதிகாரபூர்வ அனுமதி 2022 மார்ச்சில்தான் கிடைத்தது. இடையில் நடந்தது என்ன? 16 மெகாபைட் சிப் தானாக வளர்ந்துவிடவில்லை. 2021 நவம்பரில் இன்டெலின் 12-ஆம் தலைமுறை வந்திருந்தது. ஐ5-12400 போன்ற மலிவான, வேகமான செயலிகள் 2022 தொடக்கத்திலேயே கடைகளுக்கு வந்துவிட்டன. பழைய ரைசன் பயனரை அந்தப் பக்கம் போகாமல் நிறுத்த வேண்டிய தேவை ஏஎம்டிக்கு எழுந்தது. 2020-இல் முடியாது என்று சொன்னதைப் போட்டி வந்ததும் முடியும் என்றார்கள். கொள்ளளவுச் சிக்கல் பொய் என்று நான் சொல்லவில்லை. அது தீர்க்கத்தக்க சிக்கல். தீர்க்கும் மனம் எப்போது வருகிறது என்பது சந்தையைப் பொறுத்திருந்தது. ஒரு பயனராக இதை நினைவில் வைத்திருப்பது நல்லது: கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

மின்சாரக் கணக்கு

பயாஸ் அனுமதித்தாலும் மதர்போர்டு தாங்குமா என்று பார்க்க வேண்டும். கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். செயலிக்கு வேண்டியது ஏறத்தாழ 1 முதல் 1.4 வோல்ட். இந்த மாற்றத்தைச் செய்யும் சுற்று, சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் சதுரச் சுருள்களும் சிறு கறுப்புச் சிப்களுமாக வரிசையாகத் தெரியும். மின்னழுத்தம் குறைவாக இருப்பதால் மின்னோட்டம் மிகப் பெரியது.

ஏஎம்4 செயலிகளின் அட்டையில் 65 வாட் என்று போட்டிருந்தால் அது சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்கலாம்; தொடர் மின்னோட்டம் 60 ஆம்பியர். 105 வாட் என்று போட்டிருந்தால் எல்லை 142 வாட், 95 ஆம்பியர். கண நேரத்துக்கு 140 ஆம்பியர் வரை போகும். ஏ320 போன்ற மலிவான மதர்போர்டுகளில் மின்சுற்றின்மேல் உலோகக் குளிர்விப்புத் தகடே இருக்காது. அதில் 16 கோர் ரைசன் 9 5950எக்ஸைப் பொருத்தினால் கணினி இயங்கலாம். ஆனால் காணொளியைத் தொகுத்து வெளியிடும் வேலையை ஒரு மணி நேரம் கொடுத்தால் மின்சுற்று சூடேறி, செயலியின் வேகம் இறங்கிவிடும். கொடுத்த பணம் அங்கே வீணாகிறது. 65 வாட் செயலி என்றால் அதே ஏ320 மதர்போர்டு ஆண்டுக்கணக்கில் அலுங்காமல் ஓட்டும்.

விளையாட்டுக்கென்றே பெயர்பெற்ற 5800எக்ஸ்3டி இந்த விஷயத்தில் தன் அட்டை சொல்வதைவிடச் சாது. 105 வாட் வகுப்பில் இருந்தாலும் விளையாட்டு ஓடும்போது அந்த எல்லைக்கு வெகு கீழேயே இழுக்கிறது. அதன் பலம் வேகத்தில் இல்லை, சேமிப்பில் இருக்கிறது: செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான 32 மெகாபைட் மூன்றாம் நிலை கேஷின்மேல் இன்னொரு 64 மெகாபைட்டை மாடிபோல் அடுக்கி, மொத்தம் 96 மெகாபைட் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த அடுக்கு வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் குளிர்விப்பான் நன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் குளிர்விப்பானும் வராது.

உண்மையில் எவ்வளவு வேகம் கூடும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டே பார்க்கலாம். 2017-இன் ரைசன் 5 1600, 2022-இன் ரைசன் 5 5600: இரண்டிலும் ஆறு கோர்கள், பன்னிரண்டு இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்கள்); இரண்டும் 65 வாட். ஒரே எண்கள்தானே, மாற்றி என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். உச்ச வேகம் 3.6 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆகியிருக்கிறது, அது 22 சதவீதம். ஒரே கடிகாரத் துடிப்பில் செய்து முடிக்கும் வேலை ஜென் பிளஸில் 3, ஜென் 2-இல் 15, ஜென் 3-இல் 19 சதவீதம் கூடியதாக ஏஎம்டி சொல்கிறது. பெருக்கினால் 41 சதவீதம் வரும். இரண்டையும் சேர்த்தால் ஒற்றைக் கோர் வேகம் ஏறத்தாழ 70 சதவீதம் உயர வேண்டும். நடைமுறைச் சோதனைகளும் அதற்குச் சற்றுக் குறைவாக, அதே சுற்றுவட்டத்தில்தான் காட்டுகின்றன. ஒரே மதர்போர்டில், ஒரே ரேமில், மின்கட்டணம் ஏறாமல் இவ்வளவு உயர்வு!

எண்களில் தெரியாத இன்னொரு மாற்றமும் உண்டு. 1600-இன் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக 8 மெகாபைட் கேஷ். ஒரு குழுவின் கோர் மற்றதன் தரவைக் கேட்டால் சுற்றுவழியில் போய்வர வேண்டும். 5600-இல் ஆறு கோர்களும் ஒரே குழு. 32 மெகாபைட்டும் அனைவருக்கும் பொது. விளையாட்டுகளில் படம் விட்டுவிட்டு ஓடுவது குறைய இதுவே பெரிய காரணம். ரேமிலும் ஒரு லாபம் இருக்கிறது: முதல் தலைமுறை ரைசனில் 3200 வேக ரேமை முழு வேகத்தில் ஓட்டப் போராடி, 2933-இல் நிறுத்திக்கொண்டவர்கள் பலர். ரேம் கட்டுப்படுத்தி செயலிக்குள் இருப்பதால், புதிய செயலி வந்ததும் அதே ரேம் பெரும்பாலும் 3200-இல் சிரமமின்றி ஓடுகிறது.

ஆனாலும் வாங்குவதற்கு முன், கணினி எங்கே தவிக்கிறது என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் நின்றால் செயலியை மாற்றி ஒன்றும் ஆகப் போவதில்லை. 4கே திரையில் பெரும்பாலும் இந்த நிலைதான். ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் முதலில் எஸ்எஸ்டி. 8 ஜிபி ரேம் நிரம்பி வழிந்தால் முதலில் ரேம்.

மதர்போர்டோடு தங்கிவிடுகிறவையும் உண்டு. 300, 400 வரிசைகளில் ஜென் 3 செயலியைப் பொருத்தினாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைதான். 16 வழித்தடங்களையும் பயன்படுத்தும் கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய குறை இல்லை. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கே வழித்தடங்கள் கொண்ட மலிவு கார்டுக்கு நிச்சயமாகக் குறை. சில விளையாட்டுகளில் வேகம் கண்கூடாக விழுகிறது.

பெயர்களில் ஏமாற வேண்டாம்

ஏஎம்டியின் பெயரிடும் முறையை நான் மன்னிக்கத் தயாரில்லை. 5600 என்றால் 32 மெகாபைட் கேஷ் உண்டு, உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி என்றால் கிராபிக்ஸ் உண்டு, கேஷ் 16 மெகாபைட்தான். 5700எக்ஸ் 32 மெகாபைட். எக்ஸ் இல்லாத 5700, கிராபிக்ஸ் முடக்கப்பட்ட வேறொரு சிலிக்கன், 16 மெகாபைட். 5500-உம் அப்படியே. விலைப்பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெயர்களுக்குப் பின்னால் இவ்வளவு வேறுபாடு.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 3400ஜி போன்றவற்றைத் தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் 5600-ஐ வாங்கிப் பொருத்தினால் மின்விசிறி சுழலும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. செயலி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள். மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருப்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. அந்தத் துளைக்குப் படம் அனுப்புவது செயலிதான்.

விண்டோஸ் 11 கணக்கு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல் இன்டெலில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலும் தொடங்குகிறது; பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். தொடக்கத்தில் சொன்ன இருவரையும் இங்கே நிறுத்திப் பார்த்தால் அநீதி புரியும். ஐ7-7700கே பட்டியலில் இல்லை. அந்த மதர்போர்டு முறையாக ஏற்கும் செயலிகளில் அதைவிடப் புதிய தலைமுறை எதுவும் கிடையாது. ஆகவே அவர் மதர்போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முதல் தலைமுறை ரைசனும் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த மதர்போர்டில் 5600-ஐப் பொருத்தி, பயாஸில் டிபிஎம்மை இயக்கினால் விண்டோஸ் 11 முறையாக நிறுவிக்கொள்ளலாம். எத்தனையோ நல்ல கணினிகளைக் குப்பைக்குப் போகாமல் இந்த ஒரு வழி காப்பாற்றும். புதிய தலைமுறை மதர்போர்டுக்கு மாறினால் பெரும்பாலும் ரேமும் டிடிஆர்5 ஆக மாற வேண்டிவரும். 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியபோது, கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமைக் காப்பாற்றிக்கொள்வதே பெரிய சேமிப்பாகிவிட்டது.

இன்டெல் பக்கம்

இன்டெலின் வழக்கம் ஒரு சாக்கெட்டுக்கு இரண்டு தலைமுறை. அதற்குள்ளும் பள்ளங்கள் உண்டு. 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு ஒரே எல்ஜிஏ 1200 சாக்கெட். ஆனால் எச்410, பி460 சிப்செட்டுகளில் 11-ஆம் தலைமுறை ஓடாது. எல்ஜிஏ 1700 சற்றுத் தாராளம்: 12, 13, 14 என்று மூன்று தலைமுறைகள். ஐ5-12400 வைத்திருப்பவர் 14-ஆம் தலைமுறை ஐ9 வரை போகலாம். இங்கே மின்சாரக் கணக்கு இன்னும் கடுமை. 12400-இன் உச்ச எல்லை 117 வாட். ஐ7-14700கே என்றால் 253 வாட். எச்610 மதர்போர்டில் அதைச் செய்யாமல் இருப்பதே நலம்.

பழைய 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செயலிகளைக் கைமாற்றில் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் செயலி காலப்போக்கில் சிதையும் குறை இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து வந்த மைக்ரோகோடுகள் (செயலியின் உள்நிரல் திருத்தங்கள்) மேலும் கெடாமல் தடுக்கின்றன; ஏற்கெனவே கெட்டதை மீட்கா. இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது. ரசீது இல்லாத பழைய செயலிக்கு அது பயன்படுமா என்பதை யோசித்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் பழைய கணினிக் கடைகளிலும் எச்61 மதர்போர்டுகள் இன்றும் புழங்குகின்றன. ஐ3-2100 இருக்கும் இடத்தில் ஐ7-3770 வைத்தால் நான்கு கோர், எட்டு இழை கிடைக்கும். பயாஸும் மேலாண்மை நிரலும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளி வேலைக்கும் கணக்கு எழுதவும் மலிவாகக் கிடைத்தால் சரி. அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

பிராண்டட் கணினிகளில் தனி எச்சரிக்கை வேண்டும். அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் மேசைக்கணினிகளில் அந்த நிறுவனம் தான் விற்ற செயலிகளை மட்டுமே பயாஸில் அனுமதித்திருக்கும். சாக்கெட் ஒன்றாக இருந்தும் கணினி மறுக்கும். சில ரைசன் புரோ செயலிகள் ஒரு நிறுவனத்தின் மதர்போர்டில் முதன்முறை இயங்கியதும் அந்நிறுவனத்துக்கே பூட்டிக்கொண்டுவிடும்; பழைய பொருளாக வாங்கி வேறு மதர்போர்டில் போட்டால் உயிர்வராது.

மாற்றும் நாளில்

வரிசை முக்கியம். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாதிரியின் பக்கத்துக்குப் போய், செயலிகள் பட்டியலில் நீங்கள் வாங்கப்போவது இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள். மாதிரியின் பெயரோடு மதர்போர்டிலேயே அச்சிட்ட திருத்த எண்ணையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வடிவங்கள் வந்திருக்கலாம். பழைய செயலி சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மிகப் பழைய பயாஸிலிருந்து ஒரே தாவாகப் போகாமல் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை ஏற்றச் சொல்லும் மதர்போர்டுகள் உண்டு. குறிப்பைப் படித்துச் செய்யுங்கள். மின்சாரம் போனால் பாதியில் நின்றுவிடும், யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். செயலியே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில மதர்போர்டுகளில் இருக்கிறது. அது இருந்தால் கவலை குறைவு. 2018-இல் புதுச் செயலி வாங்கி, பழைய பயாஸில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டி ஒரு மலிவுச் செயலியை இரவல் கொடுத்து உதவியது. அந்தப் பரிவு எல்லா நிறுவனத்துக்கும் வர வேண்டும்.

புதுப்பிக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரை இடைநிறுத்தி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். டிபிஎம் செயலிக்குள் இருப்பதால் செயலி போனால் அதிலிருந்த சாவியும் போய்விடும். புதிய செயலியோடு கணினி எழுந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால், ஆண்டுக்கணக்கான கோப்புகள் பூட்டியபடியே கிடக்கும்.

ஏஎம்4-இல் ஊசிகள் செயலியின் அடியில் இருக்கின்றன. பழைய தெர்மல் பேஸ்ட் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தால், குளிர்விப்பானை நேராக இழுக்கும்போது நெம்புகோல் பூட்டியிருந்தாலும் செயலி அதோடு பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். இதைத் தவிர்க்கக் கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியை எடுத்துவிட்டு, குளிர்விப்பானை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பிறகு தூக்குங்கள். இன்டெலிலும் ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-இலும் ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன. அங்கே செயலியைக் கைதவறி சாக்கெட்டில் போட்டால் வளைவது மதர்போர்டு.

முதல் முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் புதிதாகப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பதறி அணைக்காதீர்கள். நெடுநேரமாகியும் வரவில்லையென்றால் மதர்போர்டின் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எழுந்ததும் பயாஸுக்குள் போய் ரேமின் எக்ஸ்எம்பி வேகத்தை (அதன் பெட்டியில் சொல்லப்பட்ட முழு வேகத்தை) மறுபடி இயக்க வேண்டும். பயாஸ் புதுப்பிப்பு அதை அழித்திருக்கும். விண்டோஸைப் பொதுவாக மறுநிறுவல் செய்ய வேண்டியதில்லை, உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கிறது. மே மாத வெயிலில் ஒருமுறை செயலியின் வெப்பநிலையைப் பாருங்கள். அறை பத்து டிகிரி சூடானால் செயலியும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும்.

இப்போது புதிதாக மதர்போர்டு வாங்குகிறவர்கள் அடுத்த செயலி மாற்றத்தையும் இன்றைக்கே திட்டமிடலாம். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-ஐ 2027-க்கும் அப்பால் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7600-ஐ வாங்கியவர்கள் அதே மதர்போர்டில் ரைசன் 7 9800எக்ஸ்3டி வரை ஏற்கெனவே போய்விட்டார்கள். பயாஸ் சிப்பின் அளவையும் செயலி இன்றிப் பயாஸ் ஏற்றும் பொத்தானையும் மின்சுற்றின்மேல் உலோகத் தகட்டையும் பார்த்து வாங்குங்கள். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இவற்றுக்குக் கொடுக்கலாம். ஏஎம்5-இல் 32 மெகாபைட் பயாஸ் வழக்கமாக இருந்த நிலையில் 64 மெகாபைட் சிப்போடு சில மதர்போர்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. விலை வேறுபாடு சிறிதென்றால் அதையே எடுங்கள்.